பண்ணை வேலைக்கு ஏற்ற ஈரம் புகாத பூட்ஸ்

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் கௌதள்ளி என்னும் ஊர் அமைந்துள்ளது. 1956-ம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரையில் கொள்ளேகால் தாலூகா சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பின்னர் அது மைசூர் ஜில்லாவுடன் இணைக்கப்பட்டது. 1997-ல் சாமராஜநகர் தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது இப்பகுதி அதனுள் அடங்கியது. கன்னடமும் தமிழும் அருகருகே வழங்கும் இவ்வட்டாரத்தில் கேழ்வரகு, மக்காச்சோளம், மஞ்சள் ஆகியவை பயிராகின்றன. முசுக்கொட்டைச் சாகுபடிக்கும் பட்டு நெசவுக்கும் கொள்ளேகால் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது.

இங்கு ஐப்பசியிலிருந்து தை வரையிலான மாதங்களில் உழவர்களின் கால்கள் ஏறக்குறைய நாள் முழுவதும் நனைந்தே இருக்கின்றன. மழை ஓய்ந்த பின்னரும் விடியற்காலையில் பனி கனமாக இறங்குகிறது. பட்டுப் புழுக்களுக்கு வேண்டிய முசுக்கொட்டை இலையை, அது வாடாமல் இருக்கும்பொருட்டு, பனி ஈரம் உலருமுன்பே பறிக்கிறார்கள். மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுவதும் அந்த நேரத்தில்தான். பாசனப் பம்புகளுக்கு மின்சாரம் இரவில் கிடைக்கும் நாட்களில், மடை திருப்புவதற்காக இருளில் வரப்பின்மேல் நடக்க வேண்டியும் நேரிடுகிறது. இவ்வேலைகளைப் பலர் வெறுங்காலுடனோ, ரப்பர்ச் செருப்புடனோ செய்து வருகின்றனர்.

இத்தகைய வேலைகளுக்கு எவ்விதப் பூட்ஸ் ஏற்றது? அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? கிராமங்களில் பணியாற்றும் ஊழியர்களும் ஆசிரியர்களும் இவ்வினாவுக்கு விடை கூறவேண்டிய சந்தர்ப்பங்கள் பல உண்டு. தவறான பூட்ஸை ஒருவர் ஒருமுறை வாங்கிவிட்டால், அது இரண்டு வாரத்துக்குள் பரணில் ஏறிவிடும். பிறகு நல்ல பூட்ஸைக் காட்டினாலும் அவர் அதை நம்பமாட்டார். ஆகவே முதல் யோசனையே சரியான யோசனையாக அமைய வேண்டும்.

காலுக்கு நேரும் தீங்குகள்

எந்தப் பாதுகாப்புச் சாதனமும் எதனின்று காக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஈர நிலத்தில் வெறுங்காலுடன் உழைப்போருக்கு நேரும் தீங்குகள் நான்கு.

முதலாவது சேற்றுப்புண். நீரில் ஊறிய தோல் வெளுத்து, மிருதுவாகி, விரல்களின் இடுக்கில் வெடிக்கிறது. அவ்வெடிப்பில் பூஞ்சணங்களும் பாக்டீரியாக்களும் குடிபுகுகின்றன. இதனை அற்பமான உபாதை என்று பலர் கருதுவர். ஆயினும் நீரிழிவு உள்ளவர்களுக்கு இதுவே பெரும் புண்ணாக முற்றக் கூடும்.

இரண்டாவது கொக்கிப்புழு. இதன் இளம் புழுக்கள் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் வாழ்ந்து, மனிதனின் பாதத் தோலைத் துளைத்து உடலினுள் நுழைகின்றன. ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, இளம் புழுக்கள் இருந்த நீர் தற்செயலாக அவரது கையின்மேல் சிந்தியது. பின்னர் அவருக்கே கொக்கிப்புழு நோய் கண்டது. இந்நுழைவு வழியை அவர் 1898-ல் வெளியிட்டார். நெகேட்டர் என்னும் வகையைச் சேர்ந்த புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தைப் போக்குகிறது. நூறு புழுக்கள் இருப்பின் நாளுக்கு 3 மில்லிலிட்டர். போதிய இரும்புச் சத்து உண்ணாத ஒரு பெண்ணுக்கு இதுவே சோகை உண்டாகப் போதுமானது.

மூன்றாவது எலிக்காய்ச்சல். எலி, மாடு முதலிய பிராணிகளின் சிறுநீரில் வெளிப்படும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி, தேங்கிய நீரிலும் சேற்றிலும் உயிர்த்திருந்து, காலிலுள்ள கீறல் அல்லது வெடிப்பின் வழியே உட்புகுகிறது. தொழுவத்தைக் கழுவுவோரும் வாய்க்கால் வெட்டுவோரும் இதற்கு எளிதில் ஆளாகின்றனர்.

நான்காவதும் கொடியதுமானது பாம்புக்கடி. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். வயலில் நேரும் கடிகளில் பெரும்பகுதி பாதத்திலும் கணுக்காலிலும் விழுகின்றது. கண்ணாடி விரியன் வரப்போரப் புல்லிலும் அறுவடைத் தாளிலும் அசையாது கிடந்து, மிதிபட்டவுடன் கடிப்பது. இப்பெருந்தீங்கை முன்னிட்டுக் கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கிற்று. அதே ஆண்டு மார்ச்சில் மத்திய அரசும், பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது.

இந்நான்கையும் ஒரே சாதனத்தால் பெரிதும் குறைக்கலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை உயர்ந்த, நீர் புகாத பூட்ஸே அச்சாதனம்.

வெளிநீரும் உள்நீரும்

ரப்பர்ப் பூட்ஸ் உழவர்களிடையே பரவியது சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய செய்தி. 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் நொறுங்காமலும் உறுதி பெறுவதைக் கண்டார். 1853-ல் ஹைரம் ஹட்சின்சன் என்னும் அமெரிக்கர் பிரான்சில் தொழிற்சாலை நிறுவி, இம்முறையில் பூட்ஸ் செய்யத் தொடங்கினார். மரக் கட்டைச் செருப்புடன் சேற்றில் உழன்ற அந்நாட்டுக் குடியானவர்கள் அவற்றை ஆர்வத்துடன் ஏற்றனர்.

வெளிநீரைத் தடுக்கும் பிரச்னை இவ்வாறு அன்றே தீர்ந்தது. ஆனால் வெளிநீரை உள்ளே விடாத சுவர், உள்நீரை வெளியேயும் விடாது. இரண்டு பாதங்களிலும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. வேலை செய்யும்போது இவை சுரக்கும் நீர் பூட்ஸினுள்ளேயே தங்குகிறது. காலை முழுதும் சிறந்த ரப்பர்ப் பூட்ஸ் அணிந்து உழைத்தவரின் காலுறையை மதியத்தில் பிழிந்து பார்த்தால், ஒரு துளி மழைநீர் புகாதிருந்தும், அது நனைந்திருப்பதைக் காணலாம்.

இதன் விளைவைப் போர்க்களங்கள் கசப்பான முறையில் கற்பித்தன. முதல் உலகப் போரில், 1914-15 குளிர்காலத்தில், பிரிட்டிஷ் படையில் சுமார் 20,000 பேருக்குப் பதுங்குகுழிக் கால் என்னும் நோய் கண்டது. குளிர்ந்த நீரில் நெடுநேரம் ஊறிய கால் மரத்து, வீங்கி, சிலருக்கு அழுகியும் போயிற்று. பின்னர் லட்சக்கணக்கான ரப்பர்ப் பூட்ஸுகள் அனுப்பப்பட்டன. எனினும் நோய் தணிந்ததற்குப் பூட்ஸ் மட்டும் காரணமன்று. நாள்தோறும் கால்களைத் துடைத்து உலர்த்துவதும், உலர்ந்த காலுறை மாற்றுவதும், ஒருவர் காலை மற்றவர் சோதிப்பதும் கட்டாயமாக்கப்பட்டன. வெப்ப நாடுகளுக்கு இது பொருந்தாது என்று எண்ண வேண்டாம். 1960-களில் வியட்நாமின் நெல்வயல்களில் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து நனைந்த காலுடன் திரிந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு, நீர் வெதுவெதுப்பாக இருந்தும், பாதம் வெந்தாற்போல் சுருங்கி வலித்தது. இரவில் காலை உலரவிட்டவர்கள் தப்பினர்.

ஆகவே பூட்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவிற் கொள்ளவேண்டிய தலையாய உண்மை இது: காலைக் காப்பது பூட்ஸ் மட்டுமன்று, பூட்ஸும் உலர்ந்த காலுறையும் சேர்ந்தே காலைக் காக்கின்றன.

கதகதப்பு எங்கிருந்து வருகிறது?

கௌதள்ளி உறைபனி விழும் ஊரன்று. மார்கழி, தை மாத விடியலில் வெப்பநிலை சுமார் 15 டிகிரி சென்டிகிரேட் அளவுக்கு இறங்கும். நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளிலோ காஷ்மீரத்திலோ வேண்டப்படும் கனத்த கம்பளி உட்பூச்சுள்ள பூட்ஸ் இங்கு தேவையில்லை. அவ்வகைப் பூட்ஸ் காலை ஒன்பது மணிக்கே காலை வேகவைத்து, வியர்வையை மிகுவித்து, தான் நீக்கவேண்டிய தீங்கைத் தானே உண்டாக்கும்.

எனினும் விடியற்காலை ஈரத்தில் கால் சில்லிடுவது உண்மை. அதற்குக் காரணம் காற்றின் குளிர்ச்சியைவிட நீரே. நீர் வெப்பத்தைக் காற்றைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்துகிறது. அன்றியும் தோலின்மேல் 1 கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உலர்ந்த பாதம் தானே கதகதப்பாக இருக்கும் என்பதன் விளக்கம் இதுதான்.

கம்பளியின் சிறப்பை இவ்வட்டார மக்கள் முன்பே அறிவர். குருபர் நெய்யும் கறுப்புக் கம்பளியைத் தலையிலிருந்து போர்த்துக்கொண்டு மழையில் ஆடு மேய்ப்போரை மைசூர் நாட்டில் எங்கும் காணலாம். கம்பளி இழை, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை ஈர்த்தும், தொடுவதற்கு ஈரமாகத் தோன்றுவதில்லை. இழைகளின் சுருள்களிடையே காற்று சிறைப்பட்டிருப்பதால் வெப்பமும் எளிதில் வெளியேறுவதில்லை. பருத்தியோ நீரைக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எனவே குளிர் மிகுந்த விடியலுக்கு மெல்லிய கம்பளிக் காலுறை உகந்தது. அது கிடைக்காவிடில் பருத்திக் காலுறையே போதும். ஆனால் அதை ஒரு பொழுதில் ஒருமுறையேனும் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிப்பது தவறு. அது இரத்த ஓட்டத்தை நெருக்கிக் காலை மேலும் குளிரச் செய்யும்.

பள்ளி ஆசிரியர் இதனை வகுப்பிலேயே மெய்ப்பிக்கலாம். ஒரே அளவான மூன்று கண்ணாடிப் புட்டிகளில் சம அளவு வெந்நீர் ஊற்றி, ஒன்றை உலர்ந்த பருத்தித் துணியாலும், ஒன்றை நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியாலும், ஒன்றை நனைத்துப் பிழிந்த கம்பளித் துண்டாலும் சுற்றி வைக்கவும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெப்பமானியில் அளந்து கரும்பலகையில் எழுதி வரவும். எந்தப் புட்டி முதலில் ஆறுகிறது என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர்.

பொருளும் உயரமும்

சந்தையில் கிடைக்கும் நீர் புகாத பூட்ஸ்கள் பெரும்பாலும் இரு வகை. இயற்கை ரப்பரால் ஆனவை நன்கு வளையும், குளிரில் விறைப்பதில்லை, கீறல் விழுந்தால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடுவதுபோல் ஒட்டவும் கூடும். ஆனால் எண்ணெய், மண்ணெண்ணெய், கடும் வெயில் ஆகியவை ரப்பரைக் கெடுக்கும். பி.வி.ஸி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை விலை குறைந்தவை. எண்ணெய்ப் பசையைத் தாங்குபவை. எனினும் குளிர் மிகுந்த இடங்களில் விறைத்து, நாளடைவில் மடிப்பில் வெடிக்கும். கௌதள்ளி போன்ற மிதமான இடங்களுக்கு இவ்விரண்டில் எதுவும் ஏற்றதே. இந்தியத் தரநிர்ணய நிறுவனம் ரப்பர்ப் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557, பி.வி.ஸி. பூட்ஸுக்கு ஐ.எஸ். 12254 என்னும் தர விதிகளை வகுத்துள்ளது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனருகில் இவ்வெண்ணும் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்குவது நலம்.

உயரத்தைப் பொறுத்தவரை, கணுக்கால் அளவான பூட்ஸ் தொழுவத்துக்குப் போதும். புல் மண்டிய வரப்பிலும், இரவுப் பாசனத்திலும், அறுவடையிலும் முழங்காலுக்குக் கீழ்வரை மறைக்கும் பூட்ஸ் வேண்டும். பாம்பின் நச்சுப்பல் இதனை ஒருபோதும் துளைக்காது என்று உறுதி கூற இயலாது. ஆயினும் காலுக்கும் பூட்ஸுக்கும் இடையே உள்ள இடைவெளியும் ரப்பரின் கனமும் சேர்ந்து கடியின் ஆபத்தைப் பெரிதும் குறைக்கின்றன. இக்காரணம் பற்றியே உலகச் சுகாதார நிறுவனமும் வயல் வேலைக்குப் பூட்ஸைச் சிபாரிசு செய்கிறது.

அடித்தட்டு ஆழமான பள்ளங்களுடன், சேறு தானே உதிரும்படி இடைவெளி விட்டு அமைந்திருக்க வேண்டும். சீமைக் கருவேல முள் நிறைந்த இடங்களில் தட்டின் கனத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவும். உள்ளே போடும் பாதத் தட்டு கழற்றி உலர்த்தக் கூடியதாக இருத்தல் அவசியம்.

பூட்ஸ் உதவாத ஒரு வேலையையும் மறைக்காமல் கூறவேண்டும். சேறு கலக்கிய நெல்வயலில் நாற்று நடும்போது உயர்ந்த பூட்ஸ் சேற்றில் பற்றி இழுக்கப்பட்டு, நடப்பவரைத் தடுமாறச் செய்யும். அவ்வேலைக்குப் பின் சுத்தமான நீரில் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து உலரவிடுவதே கைக்கொள்ளத்தக்க வழி. இதைச் சொல்லாமல் எல்லா வேலைக்கும் பூட்ஸ் போடுமாறு உபதேசித்தால், கேட்பவர் மற்ற யோசனைகளையும் ஒதுக்கிவிடுவார்.

அளவு பார்த்தல்

பூட்ஸ் கைவிடப்படுவதற்கு முதற்காரணம் விலையன்று; பொருந்தாமையே. இதில் மிகுதியும் பாதிக்கப்படுவோர் பெண்கள். களையெடுத்தல், இலை பறித்தல், தொழுவ வேலை ஆகியவற்றைப் பெரும்பாலும் செய்பவர்கள் அவர்களே. கிராமக் கடைகளில் இருப்பதோ ஆண்களின் அளவுகள். இரண்டு அளவு பெரிய பூட்ஸினுள் குதிகால் ஏறி இறங்கிக் கொப்புளம் உண்டாக்கும். அதனால் அவர்கள் மீண்டும் வெறுங்காலுக்குத் திரும்புகிறார்கள். ஊழியர்கள் கிராமத்துக்கு மொத்தமாகப் பூட்ஸ் வாங்க ஏற்பாடு செய்யும்போது, ஒவ்வொருவருடைய பாதத்தையும் காகிதத்தின்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, அந்த அளவுகளைக் கடைக்காரரிடம் கொடுப்பது சிறந்த வழி.

அளவு பார்ப்பதற்கு மாலைப் பொழுதே உகந்தது. பகலெல்லாம் நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். அணியப்போகும் காலுறையுடனேயே போட்டுப் பார்க்க வேண்டும். நின்றபோது நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பத்தடி நடந்தும், குந்தி எழுந்தும் பார்க்கவும். குந்தும்போது பூட்ஸின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தைக் குத்தினால் அது உயரம் மிகுந்தது.

நீர் புகுமா என்று சோதிக்க, பூட்ஸினுள் உலர்ந்த செய்தித்தாளைத் திணித்து, விளிம்புக்கு நான்கு விரல் கீழ்வரை வாளி நீரில் கால்மணி நேரம் அழுத்தி வைக்கவும். தாளில் ஈரக்கறை தோன்றும் இடமே ஓட்டை.

நீரிழிவு அல்லது தொழுநோயால் பாத உணர்ச்சி குன்றியவர்களுக்கு அளவு பார்த்தல் உயிர்போல் முக்கியமானது. உள்ளே கல் இருந்தாலும் அவர்கள் அறியமாட்டார்கள். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டும் அவர் சகாக்களும் தொழுநோயாளரின் பாதப் புண்களை ஆராய்ந்து, மிருதுவான நுண்ணறை ரப்பர்த் தட்டுள்ள செருப்புகளைப் புகுத்தியது இக்காரணம் பற்றியே. இத்தகையோர் பூட்ஸ் அணியுமுன் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கழற்றியபின் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்வை குன்றியவரானால் வீட்டிலுள்ள ஒருவர் பார்த்துச் சொல்வது நலம்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் பூட்ஸை வெளிப்புறம் கழுவி, பாதத் தட்டை எடுத்து, தலைகீழாகக் குச்சிகளில் கவிழ்த்து நிழலில் உலர்த்தவும். உள்ளே நனைந்திருந்தால் செய்தித்தாளைத் திணித்து, அது ஈரமானதும் மாற்றவும். அடுப்பருகே வைத்தால் ரப்பர் வெடிக்கும். காலையில் அணியுமுன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுவதை ஒரு நாளும் மறக்கலாகாது. இருளும் கதகதப்பும் உள்ள பூட்ஸ் தேளுக்கும் பாம்புக் குட்டிக்கும் விருப்பமான புகலிடம்.

பூட்ஸ் அணிந்தவரும் இரவில் கைவிளக்கின்றி வரப்பில் நடக்கக் கூடாது. கட்டுவிரியன் இரவில் வீட்டினுள் உறங்குவோரைக் கடிப்பது. அதற்குப் பூட்ஸ் பயன்படாது, கட்டிலும் கொசுவலையுமே பயன்படும். கடி நேர்ந்துவிட்டால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கானவை. பூட்ஸையும் கொலுசு, மெட்டி போன்றவற்றையும் வீக்கம் ஏறுமுன் கழற்றி, காலை அசையாமல் வைத்து, நச்சு முறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிக் கொண்டு செல்ல வேண்டும்.

சிறு குடும்பத்துக்கு யோசனை

கையில் உள்ள பணம் குறைவாயின் எதற்கு முதலிடம் தருவது என்று உழவர் கேட்பது இயல்பு. கம்பளி உட்பூச்சுள்ள விலையுயர்ந்த பூட்ஸ் ஒரு ஜோடியைவிட, உட்பூச்சில்லாத, அளவு பொருந்திய சாதாரணப் பூட்ஸ் ஒரு ஜோடியும் மூன்று ஜோடிக் காலுறையும் மேலானவை. காலுறைகளில் ஒன்று காலில் இருக்க, ஒன்று மடியில் மாற்றுக்கு இருக்க, ஒன்று கொடியில் உலர வேண்டும். வீட்டில் ஒருவருக்கே வாங்க இயலுமானால், யார் தொழுவத்திலும் வரப்பிலும் அதிக நேரம் நிற்கிறாரோ அவருடைய அளவில் வாங்க வேண்டும். பல வீடுகளில் அவர் குடும்பத் தலைவரின் மனைவியாகவே இருப்பார்.